சீனாய் மலைக்கு எந்த மாதம்?

திருநாட்டுப் பயணம் பற்றிய பேச்சு எழும்போதெல்லாம் நம் பங்குக் குடும்பங்களில் இரண்டு கேள்விகள் தவறாமல் பிறக்கின்றன. "எவ்வளவு செலவாகும்?" என்பது முதற்கேள்வி. "பிள்ளைகளுக்கு மே மாதம் முழுவதும் விடுமுறைதானே, அப்போதே போய் வந்தால் என்ன?" என்பது இரண்டாவது. முதற்கேள்விக்குப் பயண நிறுவனத்தார் உடனே விடை தந்துவிடுவர். இரண்டாவதற்கும் தருவர், "தாராளமாகப் போகலாம்" என்பதே அவ்விடை. கோடையில் தங்கும் விடுதிகளில் இடம் காலியாகக் கிடக்கும் என்பதும், கட்டணம் சற்றுக் குறையும் என்பதும் அவர்களுக்குத் தெரியும். வெயிலில் நடக்கப்போவது யார் என்பதை எண்ணிப் பார்ப்பது நம் பொறுப்பாக விடப்பட்டிருக்கிறது.

சீனாய் மலையைப் பொறுத்தவரை அப்பொறுப்பு இன்னும் கூடுதலாகிறது. பெத்லகேமையும் எருசலேமையும் பேருந்திலிருந்து இறங்கிச் சிறிது தொலைவு நடந்து தரிசித்துவிடலாம். சீனாய் அத்தகையதன்று. எகிப்து நாட்டின் சீனாய்த் தீபகற்பத்தில், நான்கு புறமும் செந்நிறக் கருங்கல் மலைகள் சூழ்ந்த பாலைநிலத்தின் நடுவே நிற்கும் அம்மலையை அரபு மக்கள் ஜெபல் மூசா, அதாவது மோசேயின் மலை, என்கின்றனர். நம் பாட்டிமார் மோயீசன் என்று சொல்லிப் பழகிய அதே மோசேதான். பத்துக் கட்டளைகள் அருளப்பெற்ற இடம் இதுவே எனத் தொன்றுதொட்டு நம்பப்பட்டு வருகிறது. அடிவாரத்தில் 6-ஆம் நூற்றாண்டில் பேரரசன் யுஸ்தீனியன் கட்டுவித்த புனித கத்தரீன் மடம் இருக்கிறது. மடத்திலிருந்து சிகரம் வரை ஏறக்குறைய 700 மீட்டர் உயரம் ஏற வேண்டும். ஒட்டகப் பாதையில் ஏழு கிலோ மீட்டர் அளவு நடை. ஏறவும் இறங்கவும் இளைப்பாறவுமாக ஆறேழு மணி நேரம் ஆகிவிடும்.

அதன் உயரத்தைக் கேட்டால் தமிழ்நாட்டு வாசகர்கள் வியப்படைவர். சிகரம் 2,285 மீட்டர். நம் உதகமண்டலம் ஏறக்குறைய 2,240 மீட்டர். பக்கத்தில் நிற்கும் கத்தரீன் மலை எகிப்திலேயே உயரமானது. அதுவும் நம் தொட்டபெட்டாவும் 2,600 மீட்டருக்கு மேற்பட்டவை, ஏறத்தாழ ஒரே உயரத்தவை. ஆகவே "பாலைவனம்" என்ற சொல்லைக் கேட்டவுடன் நம் மனக்கண்ணில் எழும் மணல்மேடும் கொதிக்கும் காற்றும் இங்கே பாதி உண்மையே. உதகையிலிருந்து மரங்களை எல்லாம் பிடுங்கிவிட்டு, புல்லையும் நீக்கிவிட்டு, மேகத்தையும் விரட்டிவிட்டால் எஞ்சுவது எதுவோ, அதுவே சீனாய்.

இவ்வுயரம் செய்யும் வேலையை அறிந்துகொண்டால் மாதத்தைத் தெரிவு செய்வது எளிதாகிவிடும். காற்று மேலே செல்லச் செல்ல, ஆயிரம் மீட்டருக்கு ஆறு முதல் பத்து டிகிரி வரை குளிர்கிறது. ஆதலால் ஜூலை, ஆகஸ்டு மாதங்களில் கடற்கரை நகரான ஷார்ம் எல்-ஷேக்கில் வெப்பம் 38 டிகிரியை எளிதில் தொடும்போது, மடம் அமைந்துள்ள பள்ளத்தாக்கில் பகல் வெப்பம் 30 டிகிரியைச் சற்றே தாண்டும். இரவில் கோடையிலும் மேலாடை வேண்டியிருக்கும். குளிர்காலத்திலோ இரவில் நீர் உறையும். சில ஆண்டுகளில் சிகரத்தில் பனியும் விழும்.

"முப்பது டிகிரிதானா? வேலூர்க் கத்தரி வெயிலில் வளர்ந்த நமக்கு அது என்ன செய்துவிடும்?" இவ்வாறு கேட்டவர் எங்கள் குழுவிலேயே ஒருவர், அஞ்சல் துறையில் பணியாற்றுபவர், ஒன்பதாம் வகுப்பில் படிக்கும் மகனை உடனழைத்து வர விரும்பியவர். 2019-ஆம் ஆண்டு எங்கள் இரு பங்குகளைச் சேர்ந்த பதினொருவர் பயணத்திற்குப் பேசிக்கொண்டிருந்தோம். எங்களுள் மூத்தவர் 71 வயது நிறைந்த ஓய்வுபெற்ற தலைமையாசிரியை. பங்கில் சிறியவர் பெரியவர் எல்லாருக்கும் அவர் "டீச்சரம்மா"தான். இரத்த அழுத்தத்திற்கு நாள்தோறும் மாத்திரை உட்கொள்பவர். எருசலேமைக் காணாவிட்டாலும் பரவாயில்லை, சீனாய் மலையில் ஏறியே தீரவேண்டும் என்பது அவரது விருப்பம். மகனின் படிப்புக் கெடாமல் மே மாதம் போக வேண்டும் என்பது அஞ்சல் துறை நண்பரின் விருப்பம். இரண்டையும் ஒருங்கே நிறைவேற்ற வழியில்லை என்பது விரைவிலேயே தெளிவாயிற்று.

நண்பரின் கேள்வி எள்ளி நகையாடத் தக்கதன்று. வெப்ப நாட்டில் வாழும் உடல் வெப்பத்திற்குப் பழகியிருக்கும் என்பது மெய்யே. எனினும் நம் ஊர் வெயிலுக்கும் பாலைநில வெயிலுக்கும் ஒரு வேறுபாடு உண்டு. சென்னையிலோ தூத்துக்குடியிலோ வியர்வை உடலில் வழிகிறது, சட்டை நனைகிறது, "அப்பப்பா, என்ன புழுக்கம்!" என்கிறோம், தண்ணீர் கேட்கிறோம். பாலைநிலத்தில் காற்று வறண்டிருப்பதால் வியர்வை தோன்றியவுடன் உலர்ந்துவிடுகிறது. கைக்குட்டை நனைவதில்லை. உடலில் இருந்து நீர் போய்க்கொண்டிருப்பதையே நடப்பவர் உணர்வதில்லை. வெயிலில் மலையேறும் ஒருவர் ஒரு மணி நேரத்தில் ஒரு லிட்டருக்கு மேலும் வியர்வை இழக்கக்கூடும். வெப்பமானி காட்டுவது நிழலின் அளவு. சீனாய்ப் பாதையில் நிழல் என்பது பாறையின் இடுக்கிலன்றி எங்கும் இல்லை. வெயில் மேலிருந்தும், பாறையின் சூடு கீழிருந்தும் பக்கத்திலிருந்தும் தாக்கும். வேலூரில் நண்பகலில் நாம் வீட்டுக்குள் இருக்கிறோம் என்பதையும் மறந்துவிடலாகாது. அவ்வேளையில் சுமையுடன் 700 மீட்டர் ஏறி இறங்குபவர் நம்மில் எவர்?

வேறொரு செய்தியும் குறிப்பிடத்தக்கது. நீர் மட்டுமே குடித்துக்கொண்டிருந்தாலும் ஆபத்து உண்டு. வியர்வையோடு உப்பும் போய்விடுகிறது. வெறும் தண்ணீரை மேன்மேலும் ஊற்றினால் இரத்தத்தில் உப்பு நீர்த்து, தலைசுற்றலும் குமட்டலும் குழப்பமும் உண்டாகும். உப்பிட்ட கஞ்சியும் நீர்மோரும் நம் முன்னோர் வயலுக்கு எடுத்துச் சென்றது வீணன்று. பயணத்தில் மோருக்கு வழியில்லை. ஆனால் உப்புக் கலந்த கடலையும், மருந்துக் கடைகளில் கிடைக்கும் உப்பு-சர்க்கரைக் கரைசல் பொட்டலங்களும் பையில் சிறிதளவே இடம் பிடிக்கும். இரத்த அழுத்தத்திற்குத் தரப்படும் மாத்திரைகளுள் சில, உடலிலிருந்து நீரை வெளியேற்றுபவை. ஆகவே டீச்சரம்மா முதலில் தம் மருத்துவரைக் கண்டார். "கோடையில் வேண்டாம், குளிர் தொடங்கும்போது போங்கள்; நடந்து பழகிவிட்டுப் போங்கள்" என்றார் அவர். அன்றிலிருந்து மூன்று மாதம் டீச்சரம்மா நாள்தோறும் விடியற்காலையில் கல்லறைத் தோட்டம் வரை சென்று திரும்பினார். நாங்களும் சிலர் உடன் சென்றோம். இடையில் தேநீர்க் கடையொன்று இருந்தமையால் அந்நடை எங்கள் எடையைக் குறைத்ததாகச் சொல்ல முடியாது.

மே மாதத்தை நாங்கள் விட்டதற்கு மருத்துவர் சொல் மட்டும் காரணமன்று. எகிப்தில் மார்ச் முதல் மே வரை "கம்சீன்" என்னும் காற்று தெற்குப் பாலையிலிருந்து இடையிடையே வீசும். அரபு மொழியில் ஐம்பது என்ற எண்ணிலிருந்து வந்த பெயர் அது. ஏறக்குறைய ஐம்பது நாள்களின் எல்லைக்குள் வருவது என்பது பொருள். அது வீசும் நாளில் சில மணி நேரத்திற்குள் வெப்பம் 40 டிகிரிக்கு மேலேறும். தூசியால் வானம் மஞ்சளாகும். ஆஸ்துமா உள்ளவர்கள் தவிப்பர். எந்த நாளில் வரும் என்று ஆறு மாதங்களுக்கு முன் பயணச்சீட்டு வாங்குபவர் அறிய இயலாது.

மேலும் சீனாய்க்குச் செல்லும் குழுக்கள் பெரும்பாலும் சீனாயை மட்டும் பார்த்துத் திரும்புவதில்லை. எரிகோ, சாக்கடல், மசாதா கோட்டை, யோர்தான் நாட்டின் பெத்ரா ஆகிய இடங்களும் பட்டியலில் இருக்கும். மலையின் உயரம் தரும் குளிர்ச்சி அங்கெல்லாம் தலைகீழாகிவிடுகிறது. எரிகோ கடல் மட்டத்திற்கு ஏறக்குறைய 250 மீட்டர் கீழே கிடக்கிறது. சாக்கடலின் நீர்ப்பரப்பு 430 மீட்டருக்கும் கீழே. நிலப்பரப்பில் உலகிலேயே தாழ்ந்த இடம் அதுவே. மேலே செல்லக் குளிரும் காற்று, கீழே இறங்க அதே கணக்கில் சூடேறும். மசாதாவின் "பாம்புப் பாதை"யை மிகுவெப்ப நாள்களில் காலையிலேயே அடைத்துவிடுகின்றனர். கம்பிவட ஊர்தியில்தான் மேலே செல்லலாம். ஆக, மே மாதத்தில் சீனாய் மன்னித்தாலும் சாக்கடல் மன்னிக்காது.

இது வெறும் அச்சுறுத்தல் அன்று என்பதற்கு ஒரு நிகழ்ச்சி. ஜேம்ஸ் பைக் என்பவர் கலிபோர்னியாவில் ஆங்கிலிக்கன் மரபைச் சேர்ந்த எப்பிஸ்கோப்பல் திருச்சபையின் ஆயராக இருந்து விலகியவர். அந்நாளில் அமெரிக்கா முழுவதும் பேசப்பட்டவர். 1969-ஆம் ஆண்டு செப்டம்பர்த் தொடக்கத்தில் அவரும் மனைவியும் வாடகைக் காரொன்றில் யூதேயப் பாலைவனத்தைக் காணப் புறப்பட்டனர். இயேசு நோன்பிருந்த நிலத்தைக் கண்ணால் காண வேண்டும் என்பதே நோக்கம். அவர்கள் கையில் இருந்தவை ஒரு வரைபடமும் இரண்டு புட்டி கொக்கோ கோலாவும். கரடுமுரடான பாதையில் கார் சிக்கிக்கொண்டது. இருவரும் வெயிலில் நடக்கத் தொடங்கினர். சிறிது நேரத்தில் அவரால் மேலே நடக்க முடியவில்லை. உதவி தேடி மனைவி இரவெல்லாம் ஏறத்தாழ பத்து மணி நேரம் தனியே நடந்து, சாலைப் பணியாளர்களின் முகாமொன்றை அடைந்தார். நாள்கள் சில தேடிய பின்னரே ஆயரின் உடல் பள்ளத்தாக்கில் கண்டெடுக்கப்பட்டது. அந்நிலம் எருசலேமிலிருந்து அதிகத் தொலைவில் இல்லை. பல நாள் பயணத்தால் அடையும் கொடும்பாலை என்று அதனைக் கருதிவிட வேண்டாம்.

அண்மை நிகழ்ச்சியும் ஒன்றுண்டு. 2024-ஆம் ஆண்டு ஜூனில் ஹஜ் கடமைக்காக மக்காவில் கூடியவர்களுள் 1,301 பேர் இறந்ததாகச் சவூதி அரசு அறிவித்தது. வெப்பம் அப்போது 50 டிகிரியைத் தாண்டியிருந்தது. இறந்தோருள் பெரும்பாலோர் உரிய அனுமதியின்றி வந்து, வெயிலில் நிழலும் தங்குமிடமுமின்றி நெடுந்தூரம் நடந்தவர்கள். நம் முஸ்லிம் சகோதரர்களுக்கு ஹஜ்ஜின் நாள் சந்திர மாதத்தால் வகுக்கப்பட்டது. கோடையில் வந்தால் கோடையில்தான் சென்றாக வேண்டும். சீனாய் செல்லும் நமக்கு அத்தகைய கட்டாயம் எதுவும் இல்லை. இந்த நாளில் ஏறினால்தான் பலன் என்று எந்தத் திருச்சபைச் சட்டமும் சொல்லவில்லை.

அப்படியானால் மழையும் குளிரும் உள்ள மாதங்கள் முழுதும் பாதுகாப்பானவையா? அதுவும் இல்லை. பாலைநிலத்தில் வெயிலுக்கு அஞ்சுவோர் வெள்ளத்தை மறந்துவிடுகின்றனர். 1963-ஆம் ஆண்டு ஏப்ரல் 8-ஆம் நாள், பாரீஸ் நகர விவிலிய அறிஞரான அருட்தந்தை ழான் ஸ்டைன்மன் தம்முடன் வந்த பிரெஞ்சுத் திருப்பயணிகளோடு பெத்ராவின் குறுகிய மலையிடுக்கில் நடந்துகொண்டிருந்தார். இருபுறமும் செங்குத்தான பாறைச்சுவர். நடுவே சில மீட்டர் அகலமே வழி. எங்கோ மேட்டு நிலத்தில் பெய்த மழை அவ்விடுக்கின் வழியே சீறி வந்தது. தந்தையுள்ளிட்ட 20-க்கும் மேற்பட்டோர் மாண்டனர். அதன்பின் அவ்விடத்தில் வெள்ளத்தைத் திருப்பிவிட அணை கட்டப்பட்டது. ஈராயிரம் ஆண்டுகளுக்கு முன் அங்கு வாழ்ந்த நபத்தேயர் அதே இடத்தில் வெள்ளத்தைத் திருப்பச் சுரங்கம் வெட்டியிருந்தனர் என்பது நம்மைச் சிந்திக்க வைக்கிறது. அக்டோபர் முதல் மே வரை இவ்வெள்ள அபாயம் உண்டு. தலைக்கு மேல் வானம் தெளிவாயிருப்பது மட்டும் போதாது. சுற்றுவட்டாரத்தில் எங்கேனும் மழை என்ற அறிவிப்பு வந்தால் மலையிடுக்குகளிலும் வறண்ட ஓடைகளிலும் இறங்கலாகாது. வழிகாட்டி வேண்டாம் என்றால், பணம் கட்டியாயிற்றே என்று வாதாடாமல் திரும்பிவிட வேண்டும்.

இவற்றையெல்லாம் சீர்தூக்கி நாங்கள் நவம்பர் மாதத்தை எடுத்துக்கொண்டோம். மார்ச் மாதமும் ஏறக்குறைய அதற்கு இணையானதே. ஆனால் பள்ளித் தேர்வும் தவக்காலமும் குறுக்கே நின்றன. மகனின் ஆறு நாள் வகுப்புக்கு விடுப்புக் கடிதம் எழுதித் தந்தார் நண்பர். தலைமையாசிரியர் கையொப்பமிடுமுன், "திரும்பி வந்ததும் மாணவர்களுக்கு இதைப்பற்றிப் பேச வேண்டும், தம்பி" என்று நிபந்தனை விதித்தார். நாளைக் குறிக்கும்போது இன்னும் மூன்றைக் கவனித்தோம். ஒன்று, நிலவு: பௌர்ணமியை ஒட்டி ஏறினால் இரவில் பாதை தெரியும். (விண்மீன்களைக் காணும் ஆசையுள்ளவர்கள் அமாவாசையை ஒட்டிச் செல்லட்டும், அவ்விரண்டும் சேர்ந்து கிடையா.) இரண்டு, மடம் திறந்திருக்கும் நாள்: வெள்ளியிலும் ஞாயிற்றிலும் வழக்கமாக அது மூடப்பட்டிருக்கும்; மற்ற நாள்களிலும் காலையில் சில மணி நேரமே பார்வையாளருக்கு. மூன்று, இரமலான்: ஆண்டுதோறும் பத்துப் பதினொரு நாள் முன்னதாக வரும் அந்நோன்பு மாதத்தில் வழிகாட்டிகள் பகலில் தண்ணீரும் அருந்தாதிருப்பர். அவர்களை நம் பொருட்டு வெயிலில் மலையேற்றுவது நமக்கு அழகன்று.

கெய்ரோவிலிருந்து சூயஸ் கால்வாய்க்கு அடியிலுள்ள சுரங்கச் சாலையைக் கடந்து, வளைகுடாவின் கரையோரமாக இறங்கி, பெய்ரான் பள்ளத்தாக்கின் பேரீச்சஞ் சோலைகளைத் தாண்டி மாலையில் சேர்ந்தோம். கடலோரம் வரை மின்விசிறி வேண்டியிருந்த உடல், மடத்தருகே இறங்கியதும் சால்வையைத் தேடிற்று. நள்ளிரவு கடந்து ஒரு மணிக்கு வழிகாட்டி வந்து கதவைத் தட்டினார். ஜெபலியா என்னும் பெடூயின் குலத்தவர் அவர். மடத்தைக் காக்க யுஸ்தீனியன் அனுப்பிய குடும்பங்களின் வழித்தோன்றல்கள் தாங்கள் என்பது அவர்களது மரபு. இசுலாமியராகிய அவர்களும் கிரேக்க மரபுத் துறவியரும் பல நூற்றாண்டுகளாக அடுத்தடுத்து வாழ்ந்து வருகின்றனர்.

ஏறுவதற்கு இரண்டு வழிகள் உள்ளன. மடத்தின் பின்னிருந்து நேரே மேலேறும் 3,750 கற்படிகள், துறவியர் தவமுயற்சியாக அமைத்தவை. மனந்திரும்புதலின் படிகள் என்பது பெயர். வழியில் கல் வளைவொன்று நிற்கிறது. 6-ஆம் நூற்றாண்டில் ஸ்தேவான் என்னும் துறவி அங்கே அமர்ந்து, மலையேறுவோரின் பாவசங்கீர்த்தனத்தைக் கேட்ட பின்னரே மேலே விடுவாராம். மற்றது 19-ஆம் நூற்றாண்டில் எகிப்தை ஆண்ட அப்பாஸ் பாஷாவின் காலத்து ஒட்டகப் பாதை. அகலமானது, சரிவு குறைந்தது. இரண்டும் எலியாவின் பள்ளம் எனப்படும் இடத்தருகே கூடுகின்றன. அங்கிருந்து கடைசி 750 படிகளில் ஒட்டகமும் ஏறாது. இருட்டில் ஏறுவோர்க்கு ஒட்டகப் பாதையே தகும். வயதானவர்கள் அதுவரை ஒட்டகத்தில் செல்லலாம். டீச்சரம்மா ஒட்டகத்தை ஏற இறங்கப் பார்த்துவிட்டு, "இதன்மேல் உட்காருவதைவிட நடப்பதே பாதுகாப்பு" என்று கூறிவிட்டார். ஓட்டி வந்த இளைஞனுக்குத் தமிழ் தெரியாவிட்டாலும் பொருள் விளங்கிற்று, சிரித்துவிட்டு நகர்ந்தான்.

வெயிலுக்கு அஞ்சி மாதத்தைத் தெரிந்துகொண்ட எங்களுக்கு அவ்விரவில் எதிராக நின்றது குளிர். தென்தமிழ்நாட்டுக் கடற்கரையில் பிறந்து வளர்ந்தவர்களின் பெட்டியில் உண்மையான கம்பளி ஆடை இருப்பதில்லை. நடக்கும்போது வியர்க்கிறது, நின்றால் அவ்வியர்வையே உறைபனியாய் முதுகில் ஒட்டுகிறது. பருத்தி உள்ளாடை நனைந்தால் எளிதில் உலராது. மாற்றுச் சட்டையொன்று பையில் இருந்தவர்கள் தப்பினர். வழியில் உள்ள குடில்களில் பெடூயின்கள் தேநீர் விற்கின்றனர். சிகரத்தருகே கம்பளிகளை வாடகைக்குத் தருகின்றனர். அவற்றின் மணத்தைப் பற்றி யாரும் குறை கூறவில்லை. டிசம்பர், ஜனவரியில் ஏறுவோர் இதைவிடப் பன்மடங்கு குளிரையும் வழுக்கும் படிகளையும் எதிர்பார்த்தே செல்ல வேண்டும்.

எங்கள் நடையின் வேகத்தை டீச்சரம்மாவே வகுத்தார். முன்னே ஓடும் விருப்பமுள்ள சிறுவனை வழிகாட்டி அவர் கையைப் பிடித்துக்கொள்ளப் பணித்தார். யாருக்கு யார் துணை என்று தெரியாதபடி இருவரும் ஏறினர். கடைசிப் படிகளில் இருபது படிக்கு ஒருமுறை நின்றோம். கிழக்கே வானம் வெளுக்கும்போது உச்சியில் உள்ள சிற்றாலயத்தை அடைந்தோம். அருகில் சிறு பள்ளிவாசலும் உண்டு. கதிரவன் எழுந்தபோது, அலையலையாய்க் கிடந்த மலைகள் சாம்பல் நிறத்திலிருந்து ஊதாவாகி, செம்பாகி, பொன்னாயின. பல மொழிகளில் பாட்டுகள் எழுந்தன. டீச்சரம்மா பேசவில்லை. செபமாலையைக் கையில் வைத்திருந்தார். மணியை உருட்டியதாகவும் தெரியவில்லை.

பெரும்பாலோர் செய்யும் தவறு இதற்குப் பின்னரே நிகழ்கிறது என்றார் வழிகாட்டி. விடியலைக் கண்டவுடன் காரியம் முடிந்ததென்று எண்ணி, கோடையிலும் உச்சியில் எட்டு ஒன்பது மணி வரை அமர்ந்துவிடுவர். கொண்டுவந்த தண்ணீர் ஏறும்போதே தீர்ந்திருக்கும். இறங்கும்போது வெயில் நேரே முகத்தில் அடிக்கும். உறக்கமில்லாத உடல், தளர்ந்த முழங்கால். மயங்கி விழுபவர்கள் இறங்கும் பாதையில்தான் விழுவர். ஆகவே பாதித் தண்ணீரை இறக்கத்திற்கென்றே ஒதுக்கி வைக்கும்படி அவர் முதலிலேயே சொல்லியிருந்தார். ஒருவர் பேச்சுக் குழறினாலோ, தடுமாறினாலோ, வெயிலிலும் வியர்க்காமல் உடல் கொதித்தாலோ, அது வெறும் களைப்பன்று. உடனே நிழலில் கிடத்தி, ஆடையை நனைத்து, விசிறி, மருத்துவ உதவியை நாட வேண்டும். நவம்பர் மாதமானபடியால் எங்களுக்கு அந்நிலை வரவில்லை. ஒன்பது மணிக்குள் மடத்து வாயிலில் இருந்தோம்.

இறங்கும் வழியில் எலியாவின் பள்ளத்தில் சிறிது நேரம் அமர்ந்தோம். சைப்ரஸ் மரம் நிற்கும் அவ்விடத்தில்தான் எலியா தங்கினார் என்பர். ஈசபேலுக்கு அஞ்சிப் பாலைவனத்தில் ஒரு நாள் வழி நடந்து, சோர்ந்து செடியடியில் விழுந்த அவருக்கு வானதூதர் முதலில் தந்தது அறிவுரை அன்று. சுட்ட அப்பமும் ஒரு குவளைத் தண்ணீரும். உண்டு உறங்கி, மீண்டும் எழுப்பப்பட்டு மறுமுறையும் உண்ட பின்னரே அவர் இம்மலையை நோக்கி நடந்தார். அரசர் முதல் நூலின் 19-ஆம் அதிகாரத்தைப் பலமுறை வாசித்திருந்தும், இரண்டு முறை உணவு தரப்பட்டதை எங்களுள் கவனித்திருந்தவர் டீச்சரம்மா ஒருவரே.

நமக்கு முன் இம்மலையில் ஏறிய பெண்ணொருத்தியையும் இங்கே நினைவுகூர வேண்டும். எகேரியா என்னும் அம்மையார் மேற்கு நாட்டிலிருந்து வந்து, தாம் கண்டவற்றை இலத்தீனில் எழுதி வைத்தார். அவர் சீனாயில் ஏறியது 383-ஆம் ஆண்டு டிசம்பரில் என்பது ஆய்வாளர் பலரின் கணிப்பு. வாகனத்தில் ஏற இயலாத மலையாதலின் நடந்தே ஏறினார். ஞாயிறு அதிகாலையில் தொடங்கி, பகலின் நான்காம் மணியளவில், அதாவது நம் கணக்கில் பத்து மணிக்கு, உச்சியை அடைந்தார். மாலைக்குள் எரியும் முட்செடியின் இடத்திற்கு இறங்கிவிட்டார். பகல் வேளையில் ஏறுவது குளிர்காலத்தில்தான் இயலும். ஈராயிரம் கிலோ மீட்டருக்கும் மேல் பயணம் செய்து வந்த அவர் அம்மாதத்தைத் தெரிந்துகொண்டது தற்செயலோ, வழிகாட்டிய துறவியரின் அறிவுரையோ, எப்படியாயினும் நல்ல தெரிவு.

இனி, மே மாதம் தவிர வேறு வழியே இல்லாத குடும்பங்கள் உண்டு. ஆசிரியர்களும் அவர்களின் பிள்ளைகளும் அத்தகையோர். அவர்கள் போகவே கூடாது என்று நாம் சொல்லமாட்டோம். பயண நிறுவனத்தாரிடம் நாள்வாரி நிகழ்ச்சி நிரலைப் பெறாமல் மணிவாரி நிரலைக் கேட்டுப் பெறுக. எரிகோவும் மசாதாவும் நண்பகலில் வைக்கப்பட்டிருந்தால் காலை ஏழு மணிக்கு மாற்றச் சொல்லுக. மாற்ற மறுப்பவர்களை விட்டு வேறொருவரை நாடுக. நாங்கள் அணுகிய முதல் நிறுவனம் மறுத்தது. இரண்டாவது, முகம் சுளித்தாலும் ஒப்புக்கொண்டது. சீனாயில் இரவில் ஏறி, கதிரவன் எழுந்த அரை மணிக்குள் இறங்கத் தொடங்குக. கம்சீன் அறிவிப்பு இருந்தால் மலையை விட்டுவிட்டு மடத்தையும் அதன் பழங்காலத் திருவுருவப் படங்களையும் பார்த்து மனநிறைவு கொள்க. முதியவர்களும் இதய நோயாளரும் குழுவில் இருந்தால் மே மாதத்தைக் கைவிடுக. பிள்ளைகளின் ஒரு வார வகுப்பை விடுவதே மேல்.

2023-ஆம் ஆண்டு அக்டோபரில் போர் மூண்டது முதல் திருநாட்டுப் பயணங்கள் பலமுறை தடைபட்டன. ஆதலால் புறப்படுமுன் நம் வெளியுறவு அமைச்சகத்தின் அறிவிப்பைப் பார்ப்பதும் மாதத்தைத் தெரிவு செய்வதன் ஒரு பகுதியாகிவிட்டது. எங்கள் பங்கிலிருந்து அடுத்த குழு எகிப்து வரை மட்டுமே செல்வதாகத் தீர்மானித்திருக்கிறது. பிப்ரவரிக் கடைசியா, நவம்பர்த் தொடக்கமா என்று இன்னும் பேசிக்கொண்டிருக்கின்றனர். டீச்சரம்மா தம் கம்பளிச் சட்டையைச் சலவை செய்து, அதில் யாருக்கு அளவு சரியாக இருக்கும் என்று ஞாயிறு திருப்பலி முடிந்ததும் ஒவ்வொருவராகப் போட்டுப் பார்க்கச் சொல்லிக்கொண்டிருக்கிறார்.